காயில் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பழுதுபார்ப்புச் செலவு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரும் சுமையாகிவிட்டது என்று வாசகர்கள் பலர் தங்கள் நாளிதழுக்கு எழுதி வருகிறார்கள். அந்தச் செலவில் ஒரே ஒரு பாகத்தைப் பற்றி மட்டும் நான் எழுத விரும்புகிறேன். பெட்ரோல் கார்களில் இருக்கும் இக்னிஷன் காயில், சோதித்துப் பார்க்காமலேயே அதிகமாகக் கழற்றி எறியப்படும் பாகங்களுள் ஒன்று. அதை வீட்டு வாசலிலேயே, மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு பெருமளவுக்குச் சோதித்துவிட முடியும். இது தெரியாததால் நானே ஒருமுறை ஏமாந்தேன். அரசு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சென்ற ஆண்டு குடும்பத்துடன் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் போனபோது, சமவெளியில் சீராக ஓடிய வண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் குலுங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வேகம் பிடிப்பதற்குப் பதிலாக உதறியது. பெருமாள்மலையை நெருங்கும்போது செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மறுநாள் மெதுவாக இறங்கி ஊர் திரும்பி, வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்த பத்தாவது நிமிடத்தில், “ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங் சார், காயில் போச்சு, ஒண்ணு போனா மத்ததும் வரிசையா போயிடும், நாலையும் மாத்திடுங்க” என்றார்கள். மாற்றினேன். கூலியுடன் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. மூன்றாம் மாதம் அதே உதறல், அதே விளக்கு, அதே இரண்டாவது சிலிண்டர். புதிய காயிலும் போய்விட்டிருக்கும் என்று அவர்கள் சொன்னபோதுதான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து, நானே பானெட்டைத் திறந்தேன்.

அதற்கு மேல் சொல்வதற்கு முன், இந்தக் காயில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால் சோதனையின் பொருளும் விளங்கும். காயிலுக்குள் ஓர் இரும்பு உள்ளகத்தின் மீது இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் சுற்றியது முதன்மைச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் கொண்டது துணைச் சுருள். பேட்டரியின் 12 வோல்ட் முதன்மைச் சுருளில் சில மில்லி வினாடிகள் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. பிறகு மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும்போது அந்தக் காந்தப்புலம் சரிந்து, துணைச் சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அதுதான் ஸ்பார்க் பிளக்கின் முனையில் பொறியாகத் தெறித்து, சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோலை எரிக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. நம் பிள்ளைகள் பிளஸ் டூ இயற்பியலில் படிப்பதும் இதையே. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை இது நடந்தாக வேண்டும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் வண்டிக்கு ஒரே காயில்தான். எண்ணெய் நிரப்பிய சிறு டப்பா போல என்ஜின் அறையின் ஓரத்தில் அது இருக்கும். அதன் உயர் மின்னழுத்தத்தை டிஸ்ட்ரிபியூட்டர் நான்கு பிளக்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேலையைப் பாயின்ட் செய்தது. அதில் தேய்மானம் வந்தால் சாலையோரத்து மெக்கானிக் எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து அனுப்பிவிடுவார். இன்றைய வண்டிகளில் அந்தப் பாயின்ட்டின் இடத்தில் டிரான்சிஸ்டர் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. வெப்பத்துக்கு நடுவே அது இருப்பதால் முன்பைவிடச் சிரமப்படுகிறது என்பது உண்மை. ஆனால் சிலிண்டருக்கு ஒன்று என்று ஆனதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பழுதானது என்று சந்தேகப்படும் காயிலோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதுடைய, அதே வெப்பத்தில் உழைத்த இன்னும் மூன்று காயில்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

மலையேறும்போது மட்டும் ஏன் உதறியது என்றும் பலர் கேட்பதுண்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டு நிற்கும்போது, குறைந்த வோல்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அதைப்போல் பல மடங்கு தேவை. அப்போது பொறி தாண்டுவதற்கு எளிய வேறு வழி எங்கேனும், விரிசல் விட்ட ரப்பரிலோ அழுக்கேறிய பீங்கானிலோ இருந்தால், மின்சாரம் அந்த வழியே எர்த்துக்கு ஓடிவிடும். ஆகவே வாசலில் நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று சொல்வதும் சரியான சோதனை ஆகாது.

இப்போது முதல் சோதனை. இதற்கு அதிகச் செலவில்லை. டாஷ்போர்டின் கீழே வண்டியின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும், பதினாறு ஊசிகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும் கார்களில், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசியிலேயே பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். பி-0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி-0302 என்றால் இரண்டாவதில். அப்படியே பி-0304 வரை. பி-0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி பரவலாகத் தவறுகிறது என்று பொருள். இங்கே வாசகர்கள் ஒன்றை அழுத்தமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பி-0302 என்ற குறியீடு, இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே சொல்கிறது. காயில் கெட்டுவிட்டது என்று அது எங்கும் சொல்வதில்லை. பிளக்காக இருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வில் கசிவாகவும் இருக்கலாம். காயிலின் மின்சுற்றிலேயே குறை இருந்தால் அதற்குப் பி-0351 முதல் தொடங்கும் வேறு வரிசைக் குறியீடுகள் இருக்கின்றன. என் வண்டியில் அந்த வரிசையில் எதுவுமே பதிவாகவில்லை. ஸ்கேனரைப் பிடித்தவர் எண்ணைப் படித்தார். அதன் பொருளை ஊகித்துக்கொண்டார்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை வெளியே எடுத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் கழற்றி இடம் மாற்றிப் பொருத்துங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, உதறல் வரும் அதே மாதிரியான சாலையில் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி-0303 ஆக மாறினால், குறை காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அந்த ஒரு காயிலை மட்டும் மாற்றினால் போதும். பி-0302 ஆகவே நின்றுவிட்டால் காயில் பெரும்பாலும் குற்றமற்றது. அடுத்து பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். காயிலில் செருகியிருக்கும் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றும்போது பூட்டை அழுத்திவிட்டுக் கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிர, வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பல ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் பூட்டு அப்பளம் போல நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். காயிலைத் தூக்குவதற்கு முன் சைக்கிள் பம்பினால் சுற்றிலும் காற்றடித்துத் தூசியை அகற்றிவிடுவதும் நல்லது. பிளக்கைக் கழற்றும் நேரத்தில் மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் அது வேறு பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

என் வண்டியில் குறியீடு நகரவில்லை. புதிய காயிலை மூன்றாவது இடத்துக்கு மாற்றிய பிறகும் பி-0302 என்றே வந்தது. இரண்டாவது பிளக்கின் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது அடியில் ஏதோ பளபளத்தது. ஒரு குச்சியின் முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டெடுத்தேன்; தேன் நிறத்தில் என்ஜின் ஆயில். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கும் பிளக் குழிக்கும் நடுவே இருக்கும் ஆயில் சீல் இறுகிப்போய், மெல்ல மெல்லக் கசிந்து குழியில் தேங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானின் மேல், உச்சியிலிருந்து இரும்புப் பகுதி வரைக்கும், பென்சிலால் கிழித்தது போல ஒரு கரிக்கோடு. பொறி சிலிண்டருக்குள் போகாமல் அந்தக் கோட்டின் வழியாகவே வெளியே ஓடியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் நான்கு காயிலையும் மாற்றியவர்கள் அந்தப் பிளக்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். காயிலைக் கழற்றிய கைக்கு அந்த ஆயில் ஒட்டாமல் இருந்திருக்க முடியாது என்பதுதான் எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம்.

நல்லவேளையாகப் பழைய காயில்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அவற்றை மேசையில் வரிசையாக வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். இந்தச் சோதனையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். முதன்மைச் சுருளின் மின்தடை இன்றைய காயில்களில் பெரும்பாலும் ஓர் ஓமுக்குப் பக்கத்திலோ அதைவிடக் குறைவாகவோ இருக்கும். பழைய டப்பா வகைக் காயிலில் ஒன்றரை முதல் மூன்று ஓம் வரை. இவ்வளவு சிறிய அளவை அளக்கும்போது மீட்டரின் வயர்களுக்கே உள்ள மின்தடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, முதலில் இரண்டு ஊசி முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். என் மீட்டர் 0.4 காட்டியது. காயிலின் இரண்டு முனைகளில் வைத்தபோது 1.1 காட்டியது. இரண்டையும் கழித்தால் 0.7. இதைக் கழிக்காமல் நிறுவனம் சொல்லும் அளவோடு ஒப்பிட்டிருந்தால் நல்ல காயிலையே கெட்டது என்று சொல்லியிருப்பேன்.

துணைச் சுருளுக்கு மீட்டரை 20 கிலோ ஓம் நிலைக்கு மாற்ற வேண்டும். ஓர் ஊசியைப் பிளக்கைத் தொடும் ஸ்பிரிங்கிலும் மற்றதை முதன்மைச் சுருளின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தால், பல காயில்களில் ஐயாயிரம் முதல் பதினையாயிரம் ஓம் வரை வரும். வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும் என்பதால் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. கையேடு கிடைக்காவிட்டாலும் நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். என்னுடைய நான்கும் ஒன்பதரைக் கிலோ ஓமை ஒட்டியே, பெரிய வேறுபாடின்றி இருந்தன. ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் அதன் மேல் சந்தேகம் கொள்ளலாம். முடிவே இல்லாத மின்தடை என்று மீட்டர் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. விலை குறைந்த மீட்டர்களில் அது திரையின் இடது ஓரத்தில் தனி ஒன்றாகத் தெரியும், அதை ஓர் ஓம் என்று படித்துவிடக் கூடாது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மேலே சொன்ன அளவுகள் இரண்டு ஊசி கொண்ட காயில்களுக்கே பொருந்தும். மூன்று அல்லது நான்கு ஊசி இருந்தால் பெரும்பாலும் உள்ளே டிரான்சிஸ்டர் சுற்றும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் முதன்மைச் சுருளை வெளியிலிருந்து ஓம் மீட்டரால் நேராக அளக்க இயலாது. சில காயில்களில் துணைச் சுருளோடு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இணைந்திருக்கும். அவற்றில் மீட்டர் அறுந்தது போலவே காட்டும், ஆனால் காயில் நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு இடம் மாற்றிப் பார்க்கும் சோதனையே நம்பகமானது. இன்னொன்று, மீட்டர் அளப்பது சில வோல்ட்டில். காயில் உழைப்பதோ பல ஆயிரம் வோல்ட்டில். உள்ளே இருக்கும் காப்புப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் மீட்டருக்கு அது தெரியாது. எனவே மீட்டர் கெட்டது என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். நல்லது என்று சொல்வதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வெப்பத்தில் மட்டும் காட்டிக்கொடுக்கும் பழுதும் உண்டு. எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவரின் வண்டி, காலையில் எந்தக் குறையுமின்றிக் கிளம்பும். அரை மணி நேரம் ஓடியபின் ஒரு சிலிண்டர் அடங்கிவிடும். காயில் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் மற்றவற்றைப் போலவே இருந்தது. வண்டியை ஓட்டி வரச் சொல்லி, சூடு தணிவதற்குள் கழற்றி, கையுறையோடு பிடித்து அளந்தோம். துணைச் சுருளின் அளவு எங்கள் கண்ணெதிரே ஏறி, பிறகு மீட்டரின் எல்லையைத் தாண்டிப் போனது. பத்து நிமிடம் திண்ணையில் வைத்திருந்தோம். பழைய எண்ணுக்கே திரும்பி வந்தது. சூட்டில் விரிந்து விலகும் ஓர் இணைப்பு உள்ளே இருந்திருக்க வேண்டும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு கூடும்; ஆகவே ஐம்பது டிகிரி சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுவது இயல்பு, அதைப் பழுது என்று கருத வேண்டாம். அந்தத் தம்பி ஒரே ஒரு காயில் வாங்கிப் போட்டார். அவருடைய மற்ற காயில்கள் அதன்பின் ஒரு குறையும் இன்றி ஓடுகின்றன.

காயில் நல்ல நிலையில் இருந்து, அதற்கு மின்சாரமே வராமல் போவதும் உண்டு. கப்ளரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, பாசிட்டிவ் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் பேட்டரியின் மின்னழுத்தமே வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, எலி கடித்த வயர் இவற்றையே தேட வேண்டும். வண்டியின் கணினியிலிருந்து கட்டளை வரும் மற்ற முனையில் சாதாரண பல்ப் டெஸ்டரை வைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தால் கணினிப் பெட்டியின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் கெடலாம்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பழைய வழக்கங்கள் இன்னும் கைவிடப்படவில்லை. என்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய காயிலை அப்படி ஓடும்போது உருவினால், போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் காப்பையே துளைத்துக்கொண்டு வெளியேறும். நம் கை வழியாகவும் வெளியேறலாம். நல்ல காயில் அந்தச் சோதனையாலேயே கெட்டுப்போகும். பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் ஆபத்தானதே. திறந்திருக்கும் பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், அதன் பக்கத்திலேயே பொறியும் தெறிக்கும். பொறியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதற்கென்று விற்கும் ஸ்பார்க் டெஸ்டரை வாங்கி, இன்ஜெக்டர்களின் கப்ளரைக் கழற்றி எரிபொருளை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். சேலைத் தலைப்பும் தோள் துண்டும் ரேடியேட்டர் விசிறிக்கு அருகில் தொங்கக் கூடாது. அந்த விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும்.

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிவதற்கும் மின்னி மின்னி எரிவதற்கும் வேறுபாடு உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மின்னினால், எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அதை உருக்கும் அளவுக்குச் சூடேற்றுகிறது என்று பொருள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் காயிலின் விலை ஒன்றுமே இல்லை. அத்தகைய நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓரம்கட்டுவதே அறிவுடைமை. கொடைக்கானல் பாதையில் நான் அதைச் செய்யாமல் விட்டது தவறு.

காயில்கள் உண்மையிலேயே கெடுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. பிளக்கின் முனை தேயத் தேய இடைவெளி விரிகிறது. அதைத் தாண்ட காயில் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னழுத்தம் எழுப்ப வேண்டியிருக்கிறது. நூறு, இருநூறு ரூபாய் பிளக்கை மாற்றத் தவறுவது ஆயிரக்கணக்கில் விலையுள்ள காயிலைத் தின்கிறது. அடுத்தது வாட்டர் வாஷ். பானெட்டைத் திறந்து உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும்போது அது பிளக் குழிக்குள் இறங்கித் தேங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டினாலும் இதே நிலைதான். இப்படி நனைந்து உதறும் வண்டிக்குத் தேவை காற்றடித்துக் காயவைப்பது மட்டுமே. ஆனால் காயில்கள் மாற்றப்படுகின்றன.

இதனால் மெக்கானிக்குகள் மீது பழி சுமத்துவது என் நோக்கமில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம்தான் என்ற நெருக்கடியில், சோதனைக்குச் செலவிடும் ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளரே முகம் சுளிக்கிறார்; பாகத்தை மாற்றினால் கேள்வி கேட்காமல் பணம் தருகிறார். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. கண்டுபிடித்துச் சொல்லும் அறிவுக்குக் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும். சிறு ஒர்க்‌ஷாப்புகளுக்கு நிறுவனங்களின் கையேடும் சோதனைக் கருவிகளும் எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் தடுத்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்குச் சென்றது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. ஆனால் திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு மெக்கானிக்கின் கைக்கு, தன் முன் நிற்கும் வண்டியின் காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்ற ஒற்றை எண் தமிழில் வந்து சேரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. கார் நிறுவனங்கள், வண்டியோடு தரும் கையேட்டிலேயே காயிலின் மின்தடை, பிளக்கின் இடைவெளி, அதை முறுக்க வேண்டிய அளவு ஆகியவற்றை அரைப் பக்கத்தில் தமிழிலும் அச்சிட வேண்டும். ஒர்க்‌ஷாப்புகள், காயிலை மாற்றுவதற்கு முன் இடம் மாற்றிப் பார்த்தோம், குறை கூடவே நகர்ந்தது என்ற ஒரு வரியைப் பில்லில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பாகத்தைக் கேட்காமலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியை யாரும் வீட்டில் கழற்ற வேண்டாம், ஆனால் அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். தேவையற்ற மாற்றத்துக்குப் பணம் கொடுத்ததாக உணர்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையேனும் கதவைத் திறந்து, கார் வைத்திருப்பவர்களுக்கு மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் மிகவும் நன்றாக இருக்கும். அழைத்தால் நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

என் வண்டிக்கு ஆயில் சீல்களும் நான்கு புதிய பிளக்குகளும் போட்டேன். குழிகளைத் துடைத்து உலர்த்தினேன். ஆயிலில் ஊறி உப்பியிருந்த இரண்டாவது காயிலின் ரப்பர் உறையை மட்டும் தனியாக வாங்கி மாற்றினேன். பிறகு, கெட்டுவிட்டதாகச் சொல்லிக் கழற்றித் தந்த பழைய நான்கு காயில்களையே திரும்பப் பொருத்தி, ஆறு பேரும் பெட்டிகளுமாக அதே வத்தலக்குண்டு மலைப்பாதையில் கொடைக்கானல் வரை ஏறினேன். விளக்கு எரியவில்லை. பதினோரு மாதங்களாக அந்தப் பழைய காயில்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புதிய நான்கும் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்னியல் விரிவுரையாளர்,
திண்டுக்கல்.